பழைய ராணுவ லாரி: ஸ்டீயரிங், சேஸ் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிப்பது எப்படி

கொங்கு நாட்டில் லாரி வேலை தெரிந்த கைக்குப் பஞ்சமில்லை. சங்ககிரியில் தெருவுக்குத் தெரு லாரி, நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி, கரூரில் பஸ் பாடி, கோயமுத்தூரில் லேத்தும் ஃபவுண்டரியும். ராணுவம் கழித்துவிட்ட லாரி ஒன்றை வாங்கி வந்து பழையபடி ஓட வைக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. ஒரே ஒரு தொல்லை. இங்கே இருப்பது டாடா, லேலண்டு வண்டிகளில் பழகிய கை. முன் அச்சும் சேர்ந்து இழுக்கிற வண்டி சில இடங்களில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அங்கேதான் வேலை தடம் மாறும்.

ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் கட்டிய சக்திமான், அதே ஊரில் கட்டிய நிஸான் ஒரு டன், அதற்கும் முன்னால் இரண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் ஃபோர்டும் செவர்லேயும் ஒரே முகத்தோடு கட்டி அனுப்பிய லாரிகள் என்று வண்டி எதுவாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். ஏணி மாதிரி சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்), நாலு மூலையிலும் பட்டை ஸ்பிரிங், வளையாத முன் அச்சு, அதன் இரு முனையிலும் பெரும்பாலும் டிரைவ் ஜாயின்டை மூடிய இரும்பு உருண்டை. பவர் ஸ்டீயரிங் பெரும்பாலும் கிடையாது.

வண்டி எந்தப் பக்கம் ஆடினாலும் உரிமையாளர் சொல்வது ஒன்றே: "ஏனுங்க மேஸ்திரி, பாக்ஸ் போயிருச்சாட்ட இருக்குதுங்க." ஸ்டீயரிங் பாக்ஸ் போவது உண்டுதான். ஆனால் அது கடைசியாகத் திறக்க வேண்டிய இடம். உள்ளே இருக்கும் வார்ம் (திருகு மாதிரிப் பல் உள்ள தண்டு), அதில் உருளும் ரோலர் எல்லாம் கடையில் கிடைக்கும் சாமான் இல்லை, திறந்து கெடுத்தால் லேத்தில் கடைந்தெடுப்பதும் லேசில்லை. டயர், வீல் பேரிங், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி), டை ராடு (இரு முன் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி), டிராக் லிங்க் (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), பட்டை, சேஸ் என்று தரையிலிருந்து மேலே ஏறிப் போனால் பாதி வழியிலேயே திருடன் பிடிபடுவான்.

கை வைக்கும் முன்

சமமான சிமெண்ட் தளம் வேண்டும். பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு சேஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்தபிறகே கீழே படுக்க வேண்டும்.

போர்க்கால வண்டிகள் பலவற்றில் டிஸ்க் (டயர் உட்காரும் இரும்பு வட்டு) இரண்டு பாதியாக இருக்கும், சுற்றிலும் நட் போட்டு சேர்த்திருப்பார்கள். காற்று இருக்கும்போது கழற்றக் கூடாது என்று எச்சரிக்கத்தான் அந்த நட்டுகளுக்கு அப்போதே சிவப்பு அடித்தார்கள். இத்தனை வருடத்தில் பலமுறை பச்சை அடித்து சிவப்பு மறைந்திருக்கும். நடுவில் இருக்கும் வட்டம் சக்கரத்தை ஹப்பில் பிடிப்பது, வெளி வட்டம் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிப்பது. காற்றோடு வெளி வட்டத்தைத் தளர்த்தினால் டிஸ்க் ஆளைக் கொன்றுவிடும். வால்வின் ஊசியை எடுத்துக் காற்று முழுக்க இறங்கிய பிறகுதான் ஸ்பானர்.

மரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். போர்க்கால அமெரிக்க, கனடா வண்டிகள் அங்குல மரை. சக்திமானும் நிஸானும் மில்லிமீட்டர். பக்கத்தில் கிடக்கிற போல்ட்டை "சேருது" என்று முறுக்கி ஏற்றினால் ஸ்டீயரிங் ஆர்மில் மரை போய்விடும்.

ஸ்டீயரிங் வீலை ஆட்டினால் சக்கரம் அசைவதில்லை

எல்லாரும் சொல்லும் "ப்ளே" இதுதான். 20 அங்குல ஸ்டீயரிங் வீலில், விளிம்பில் இரண்டரை அங்குலத்தைத் தாண்டி வெறுமனே ஆடினால் வேலை இருக்கிறது.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், இரண்டு ஆள் போதும். சக்கரங்கள் தரையில் நிற்கட்டும். ஒருவர் கேபினில் உட்கார்ந்து வீலை இடதும் வலதுமாகச் சின்னதாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு இணைப்பிலும் விரலை வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு விரல் இந்தத் துண்டில், இன்னொரு விரல் அடுத்த துண்டில். இரண்டும் சேர்ந்து அசைந்தால் அந்த இணைப்பு நன்றாக இருக்கிறது. ஒன்று அசைந்து மற்றது தாமதித்தால் ஆட்டம் அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர் விரலுக்குத் தெரியும். சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த இணைப்புக்குப் போங்கள். முதலில் கிடைத்ததோடு எழுந்துவிடாதீர்கள், பழைய வண்டியில் ஆட்டம் நாலைந்து இடத்தில் பங்கு போட்டிருக்கும்.

பெரும்பாலும் முதலில் மாட்டுவது டிராக் லிங்க். அதன் இரு முனையிலும் குழாய்க்குள் கிண்ணம், ஸ்பிரிங், பந்து, வெளியே ஒரு திருகு மூடி, காட்டர் பின். பின்னை எடுத்து மூடியை இறுக்கமாக முறுக்கி, அப்புறம் அரைச் சுற்று அளவுக்குத் தளர்த்தி, அடுத்து வரும் துளையில் புது பின் போடுங்கள். வண்டியின் மானுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. முழுக்க இறுக்கியபடி விட்டால் பந்து புரள இடமில்லாமல் ஆர்ம் வளையும், ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் பந்தைத் துடைத்து வெர்னியர் காலிப்பரால் இரண்டு திசையில் அளந்து பாருங்கள். வட்டம் போய் முட்டை வடிவம் ஆகியிருந்தால் சரிக்கட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது டிராப் ஆர்ம். பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டின் பல்லில் இது உட்கார்ந்திருக்கும். நட் தளர்ந்திருந்தால் பல்லைச் சுற்றி மெல்லிய செந்தூள் கோடு தெரியும். ஆர்மைக் கழற்ற புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) மட்டும்தான். சுத்தியலால் ஷாஃப்ட்டின் முனையில் அடித்தால் அந்த அடி நேராகப் பாக்ஸுக்குள் போகும், பேரிங் பாதையில் குழி விழும். அதுவரை நன்றாக இருந்த பாக்ஸ் அன்றைக்குத்தான் உண்மையிலேயே போகும்.

மூன்றாவது, பாக்ஸ் சேஸில் உட்காரும் இடம். பாக்ஸின் ஓரத்தையும் சேஸையும் சேர்த்து ஒரே சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு வீலை ஆட்டுங்கள். கோடு உடைந்து உடைந்து சேர்ந்தால் பாக்ஸே நகர்கிறது என்று அர்த்தம். போல்ட்டை இறுக்கினால் போகும் என்று நினைக்க வேண்டாம், துளை நீள்வட்டம் ஆகியிருக்கும். துளையை ரீமர் போட்டு அடுத்த அளவுக்கு வட்டமாக்கி, அதற்குப் பொருந்தும் போல்ட் போட வேண்டும். அந்தத் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

இவையெல்லாம் கெட்டியாக இருந்தும் ஆட்டம் தீரவில்லை என்றால் இப்போது பாக்ஸுக்கு வரலாம். டிராக் லிங்க்கைக் கழற்றிவிடுங்கள், பாக்ஸ் தனியாக இருக்கட்டும். இந்த மாதிரி வார்ம் பாக்ஸில் இரண்டு அட்ஜஸ்ட்மென்ட், வரிசை மாறக் கூடாது. முதலில் வார்ம் மேலும் கீழும் நகரும் ஆட்டம், அதைப் பெரும்பாலும் ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) எடுத்துக் குறைக்க வேண்டும். அப்புறம் வார்முக்கும் ரோலர் அல்லது பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, அதை அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவால். இரண்டாவதை வீல் நேராக நிற்கும்போது மட்டுமே செய்ய வேண்டும். பாக்ஸ் நடுவில் நெருக்கமாகவும் இரு பக்கமும் போகப் போகத் தளர்வாகவும் இருக்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் வைத்து ஆட்டத்தைத் தீர்த்தால் நடுவில் வரும்போது கடித்துப் பிடிக்கும்.

நடுவில் சரியாக வைத்துவிட்டு மெதுவாக இந்த முனையிலிருந்து அந்த முனைக்குச் சுற்றிப் பாருங்கள். நடுவைத் தாண்டியதும் இறுகினால் வார்மின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. இனி அதை ஸ்க்ரூவால் ஏமாற்ற முடியாது. ஒன்று கொஞ்சம் ஆட்டத்தோடு வாழ வேண்டும், இல்லை வார்ம் மாற்ற வேண்டும். வண்டி விழாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் மட்டும் என்றால் கொஞ்சம் ஆட்டமே மேல் என்பேன்.

பாக்ஸைத் திறந்தால் பல வண்டிகளில் உள்ளே கிரீஸ் அடைத்து வைத்திருக்கும். சீல் ஒழுகியதும் யாரோ கண்டுபிடித்த சுருக்கு வழி. கியர் ஆயில் வழிந்து மறுபடி வார்மின் மேல் வந்து சேரும், கிரீஸ் ஒதுங்கினால் ஒதுங்கியதுதான், வார்ம் காய்ந்து ஓடும். கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஷாஃப்ட் விட்டம், சீல் உட்காரும் குழியின் விட்டம், அகலம் மூன்றையும் அளந்துகொண்டு போனால் கோயமுத்தூர் சீல் கடைகளில் பெரும்பாலும் பொருந்துவது கிடைக்கும். ஷாஃப்ட்டில் சீல் உரசி வரி விழுந்திருந்தால் மெல்லிய ஸ்லீவ் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு குழியில் இறங்கினால் முன் சக்கரம் இரண்டும் தலையாட்ட ஆரம்பிக்கிறது

பயப்பட வேண்டிய அறிகுறி இது. 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பிக்கும், வண்டியை நிறுத்தும் வரை நிற்காது. காரணம் ஒன்றாக இருப்பது அபூர்வம். டயரில் கொஞ்சம், கிங் பின்னில் கொஞ்சம், பட்டையில் கொஞ்சம் என்று சேர்ந்து ஆட்டும்.

டயரில் ஆரம்பியுங்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர் நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கும். சக்கரத்தைத் தூக்கி, பக்கத்தில் ஒரு ஆணியை அசையாமல் நிறுத்தி, சக்கரத்தை மெல்லச் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது தெரியும். அந்த டயரை ஸ்டெப்னிக்குக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் போனால் வீல் பேரிங். போகாமல் இருந்தால் கிங் பின். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் கிங் பின்னைக் கழற்றி, ஒரு நாள் வீணாக்கி, கடைசியில் பேரிங் நட்டை முறுக்கியவர்கள் நிறையப் பேர்.

சாதாரண லாரிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். நம் ஊர் லாரியில் கிங் பின் ஒரே நீள கம்பி, புஷ் தேய்ந்தால் புது புஷ் அடித்து ரீமர் ஓட்டிவிடுவார்கள். டிரைவ் வரும் முன் அச்சில் நடுவே ஜாயின்ட் இருப்பதால் நீளக் கம்பிக்கு வழியில்லை. மேலே ஒரு குட்டைப் பின், கீழே ஒன்று. பல வண்டிகளில் அவை கூம்பு ரோலர் பேரிங்கில் நிற்கும், மூடிக்கு அடியில் ஷிம் இருக்கும். ஆட்டத்தைப் போக்க ஷிம் எடுக்கும்போது மேலே எவ்வளவு எடுக்கிறீர்களோ அதே அளவு கீழேயும் எடுக்க வேண்டும். மேலே மட்டும் எடுத்தால் உருண்டையின் மையத்திலிருந்து நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் அச்சு முனை) விலகும், உள்ளே இருக்கும் ஜாயின்ட் ஒவ்வொரு திருப்பத்திலும் இழுபடும்.

இறுக்கம் சரியா என்று பார்க்கத் தூக்குத் தராசு போதும். வாழைத்தாரை நிறுக்கும் கொக்கித் தராசுதான். டை ராடையும் டிராக் லிங்க்கையும் கழற்றி, முடிந்தால் உருண்டையின் சீலையும் விலக்கிவிட்டு, ஸ்டீயரிங் ஆர்மின் முனையில் கொக்கியை மாட்டி இழுங்கள். நக்கிள் நகர ஆரம்பித்த பிறகு ஒரே சீராகப் போகும்போது முள் காட்டும் எடையை மானுவலோடு ஒப்பிடுங்கள். தராசு ஏதும் காட்டாமல் நக்கிள் தானாகச் சரிந்தால் இறுக்கமே இல்லை, ஆட்டத்துக்கு அதுவே போதும். இழுக்கும்போது விட்டுவிட்டுப் பிடித்தால் பேரிங் பாதையில் பள்ளம், ஷிம் எடுத்துப் பலனில்லை. பழைய பேரிங்கின் பக்கத்தில் பொறித்த எண்ணைத் துடைத்துப் படித்துக்கொண்டு போங்கள், அந்தக் கால எண்கள் பல இன்றும் தயாரிப்பில் இருக்கின்றன.

கடைசியாக அச்சின் சாய்வு. கிங் பின்னின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தால்தான் சக்கரம் நேராக ஓட விரும்பும். பழைய பட்டையைக் கழற்றி வளைவு ஏற்றிக் கூடுதல் பட்டை போட்டு, பின்பக்கம் உயர்த்திக் கொடுத்திருந்தால் வண்டி மூக்கு தாழ்ந்து நிற்கும், அந்தச் சாய்வு குறைந்துவிடும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். பட்டைக்குக் கீழே அச்சு இருக்கும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் ஆட்டம் கூடும்.

ஸ்டீயரிங் டாம்பர் (ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) ஒன்று மாட்டினால் எல்லாம் அடங்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடங்கத்தான் செய்யும். கிங் பின் தேய்வது மட்டும் நிற்காது, கைக்குத் தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான்.

ஒரு பக்கமாக இழுக்கிறது, பின்னால் வருபவர் "வண்டி கோணலாப் போகுது" என்கிறார்

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக் வேலை, முன் யூ போல்ட் (பட்டையை அச்சோடு கட்டும் வளைந்த போல்ட்) தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு அதை ஓரம் வையுங்கள். எப்போதும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றுங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் டயர். மாறவில்லையா, ஐந்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி வந்து டிரம்மின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று ஆவியானால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டும் இல்லை என்றால் அளவுநாடாவை எடுங்கள். முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரு பக்கமும் அளக்க வேண்டும், வீல் நேராக இருக்கும்போது. ஒரு பக்கம் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பட்டையின் சென்டர் போல்ட், பட்டைகளை நடுவில் சேர்த்து அச்சை இடத்தில் நிறுத்துவது. யூ போல்ட் தளர்ந்து, சென்டர் போல்ட் துண்டாகி, அச்சு ஒரு விரல் அளவு பின்னால் போய் நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பட்டைக்கு அடியில் பளபளவென்று தேய்ந்த இடம் மட்டும் காட்டிக்கொடுக்கும். பட்டைக் கட்டைக் கழற்றி, சென்டர் போல்ட் மாற்றி, யூ போல்ட்டையும் புதிதாகவே போடுங்கள். ஒருமுறை நீண்ட யூ போல்ட் மறுபடி பிடிக்காது.

சென்டர் போல்ட் நன்றாக இருந்தால் சேஸே கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய மெஷின் வேண்டாம், கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். சேஸின் இரு கட்டையிலும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கும் பழைய துளைகளாக எட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: முன்முனை, முன் பட்டையின் பின் பிராக்கெட், கேபினுக்குப் பின்னால், பின்முனை. கம்பெனி போட்ட துளையாக இருக்க வேண்டும், பிறகு யாரோ போட்ட துளை கணக்கில் சேராது. ஒவ்வொன்றிலிருந்தும் குண்டை இறக்கி, ஊசி தொடும் இடத்தில் தரையில் சாக்பீஸால் சின்னக் குறுக்குக் கோடு போடுங்கள். எட்டும் முடிந்ததும் வண்டியை வெளியே தள்ளிவிடுங்கள். தரையில் சேஸின் படம் இருக்கும்.

இப்போது மூலைக்கு மூலை அளங்கள். முன் இடதிலிருந்து பின் வலது, முன் வலதிலிருந்து பின் இடது, பிறகு நடுவில் உள்ள ஒவ்வொரு கட்டமும். இரண்டு அளவுக்கும் 3 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் விட்டுவிடலாம். 6-ஐத் தாண்டினால் அந்தக் கட்டம் சாய்ந்திருக்கிறது. எந்தக் கட்டம் என்று தெரிந்துவிட்டால் எந்தக் குறுக்குச் சட்டத்தின் (கிராஸ் மெம்பர்) ரிவெட் தளர்ந்தது என்பதும் தெரிந்த மாதிரிதான். முழுச் சேஸும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் ஒரு காலத்தில் முன் மூலையில் பலமான அடி வாங்கியிருக்கிறது, நேராக்க சேஸ் இழுக்கும் பெஞ்ச் உள்ள பட்டறைக்குப் போவதே வழி. சூடு காட்டி நிமிர்த்துகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

திரும்பும்போதும் மேடு ஏறும்போதும் 'கிறீச்', 'டொக்'

பட்டையின் முனையைத் தாங்கும் ஷாக்கிள் பின்னும் புஷ்ஷும் காய்ந்திருந்தால் கிறீச். ஒவ்வொரு நிப்பிளிலும் கிரீஸ் அடித்தால் இரு முனையிலும் பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் நிப்பிளுக்குள் பெயிண்ட் அடைத்திருக்கும், ராணுவ வண்டியில் இது சகஜம். நிப்பிளைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்துங்கள்.

'டொக்' என்றால் ரிவெட். தளர்ந்த ரிவெட்டின் தலையைச் சுற்றித் துருநீர் வழிந்த தடம் இருக்கும். ஒரு விரலை ரிவெட்டின் ஒரு பக்கத்தில் வைத்து மறுபக்கம் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கெட்டியான ரிவெட் கணீரென்று எதிரொலிக்கும், தளர்ந்தது விரலில் துள்ளும். எடுக்கும்போது காஸ் வெட்டு வேண்டாம். சென்டர் பஞ்ச் அடித்து டிரில் போட்டுத் தலையை எடுத்துத் தள்ளுங்கள். சூடாக ரிவெட் அடிக்கும் ஆள் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் துளையை ரீமர் ஓட்டி, மரையில்லாத தண்டுப் பகுதி துளையை முழுக்க நிரப்பும்படி 8.8 அல்லது அதற்கு மேல் தர போல்ட், கனத்த வாஷர், லாக் நட். மரை துளைக்குள் உட்கார்ந்தால் அடுத்த மழைக்குள் மறுபடி 'டொக்'.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஏற்றி ஓடிய வண்டி என்றால் இன்னொன்று. பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் உள்ள மரக்கட்டைக்கு அடியில் நார்த்தூள் கெட்டியாகப் படிந்து கிடக்கும். மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் விடாது. மேலிருந்து பார்த்தால் பெயிண்ட் பளிச்சென்று இருக்கும், கட்டையைத் தூக்கினால் சேஸின் மேல் விளிம்பு ஏடு ஏடாக உரியும். கோழி எரு ஏற்றிய வண்டி இதைவிட மோசம். வாங்கும் முன்பே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

சேஸை இரட்டைத் தகடாகக் கட்டிய வண்டியில் இரண்டுக்கும் நடுவில் துரு ஏறினால் அது இரும்பைவிட அதிக இடம் கேட்கும், ரிவெட்டுக்கு ரிவெட் நடுவில் தகடு உப்பி அலை அலையாகத் தெரியும். மேலே பெயிண்ட் அடித்து மூட முடியாத கோளாறு அது. ரிவெட்டை எடுத்து, தகட்டைப் பிரித்து, துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் அடித்து மறுபடி சேர்க்க வேண்டும். பிடிக்காத வேலைதான், ஆனாலும் இந்தப் பட்டியலிலேயே தள்ளிப்போடக் கூடாதது இதுதான்.

விரிசல் பார்க்கப் பழைய முறை ஒன்று இன்றும் நன்றாக வேலை செய்யும். சந்தேகமான இடத்தைப் பெயிண்ட் போக இரும்பு தெரியத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைக் கரைத்து மெலிதாகப் பூசிக் காய விடுங்கள். விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே வந்து வெள்ளையில் ஒரு கரும்முடி போலக் கோடு போடும். பார்க்க வேண்டிய இடங்கள்: பட்டை பிராக்கெட் ஓரம், பாக்ஸ் துளை, கேபினுக்குப் பின்னால், பழைய உரிமையாளர் யாரோ சேஸின் மேல், கீழ் விளிம்பில் போட்ட துளைகள்.

விரிசலின் முனையில் 6, 8 மில்லிமீட்டர் துளை போட்டு அது ஓடுவதை நிறுத்துங்கள். அப்புறம் வெட்டுப் பள்ளம் எடுத்து, நன்றாக உலர்த்திய 7018 ராடால் வெல்டிங், சமமாக கிரைண்டிங், உள்பக்கம் வலுத் தகடு. அந்தத் தகட்டின் முனை சதுரமாக முடியக் கூடாது, சாய்வாக மெலிய வேண்டும். சேஸின் மேல், கீழ் விளிம்புக்குக் குறுக்கே வெல்டிங் கோடு போட்டால் அடுத்த விரிசல் அந்தக் கோட்டிலேயே பிறக்கும். பாட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங்.

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது, திருப்பினால் தானாக நிமிரவில்லை

தார் ரோட்டில் நாலு சக்கர டிரைவ் போட்டபடி ஓட்டுகிறீர்களா? முன்னும் பின்னும் சமமாகச் சுற்ற முடியாமல் முறுக்கிக்கொள்ளும், கனக்கத்தான் செய்யும். லீவரை எடுத்துவிடுங்கள். டயரில் காற்று குறைவா, அகலமான ரேடியல் மாட்டியிருக்கிறீர்களா என்பது அடுத்தது.

இல்லையென்றால் முன்பக்கத்தைத் தூக்கி, டிராக் லிங்க்கைக் கழற்றி, ஸ்டீயரிங் வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வீலைச் சுற்றினால் கனமா, பாக்ஸும் ஸ்டீயரிங் தண்டும். சக்கரத்தைக் கையால் திருப்பினால் கனமா, கிங் பின்னும் டை ராடும். நிமிராமல் இருப்பதும் பெரும்பாலும் கிங் பின் அளவுக்கு மேல் இறுகியதால்தான். ஷிம் வேலை முடிந்து வந்த வண்டி என்றால் முதலில் அங்கேயே பாருங்கள்.

காற்றில் தள்ளாடுகிறது

ஆடி மாதம் பல்லடத்திலிருந்து உடுமலைக்குப் போய்ப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும், காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று. கேன்வாஸ் போட்ட உயரமான வண்டி கொஞ்சம் நகர்வது இயற்கை. ஆனால் வீலை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் டோ இன் (முன் சக்கரங்கள் முன்னால் சற்று உள்நோக்கி நிற்கும் அளவு) பாருங்கள்.

முன் சக்கரம் ஒவ்வொன்றையும் தூக்கிச் சுற்றி, டயர் நடுவில் சாக்பீஸ் பூசி, ஆணியால் ஒரே கோடு கீறுங்கள். இறக்கி, வண்டியை முன்னோக்கி ஒரு வண்டி நீளம் தள்ளுங்கள். பின்னோக்கித் தள்ளினால் ஆட்டம் எதிர்ப்பக்கம் ஒதுங்கிக் கணக்கு கெடும். ஹப் உயரத்தில் முன்னால் கோட்டுக்குக் கோடு அளந்து, அதே உயரத்தில் பின்னால் அளந்து, வித்தியாசத்தை மானுவலோடு ஒப்பிட்டு டை ராடைச் சுற்றுங்கள். கட்டிக்கட்டியான ராணுவ டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருந்தால் டோ இன் எவ்வளவு சரியாக வைத்தாலும் தள்ளாட்டம் முழுக்கப் போகாது.

முழுக்க ஒடித்தால் முன்னால் 'கடகட'

முன் டிரைவ் போட்டிருக்கும்போது மட்டும் வந்தால் உருண்டைக்குள் இருக்கும் ஜாயின்ட். ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட் காணாமல் போயிருக்கும், அல்லது "இன்னும் நல்லா ஒடியட்டும்" என்று யாரோ உள்ளே முறுக்கியிருப்பார்கள். அனுமதித்த கோணத்தைத் தாண்டினால் ஜாயின்ட் உடையும். ஸ்டாப் போல்ட்டை மானுவல் சொல்லும் கோணத்துக்குக் கொண்டு வாருங்கள், திரும்ப இடம் அதிகம் கேட்கும் வண்டி இது என்று ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசியிலும் திம்பத்தின் 27-லும் முன் டிரைவ் போட்டபடி முழுக்க ஒடிக்காதீர்கள்.

எல்லாம் முடிந்தது, நேராகப் போகிறது, வீல் மட்டும் கோணலாக நிற்கிறது

உடனே வீலைக் கழற்றி நேராக மாட்டத் தோன்றும். வேண்டாம். பாக்ஸின் நெருக்கமான நடு இடம், வண்டி நேராகப் போகும்போது அமைய வேண்டும். வீலை மட்டும் நேராக்கினால் பார்க்க அழகாக இருக்கும், பாக்ஸ் மட்டும் எப்போதும் தளர்ந்த ஓரத்தில் ஓடும்.

டிராக் லிங்க்கைக் கழற்றுங்கள். வீலை ஒரு முனை வரை சுற்றி, அங்கிருந்து மறுமுனை வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வாருங்கள். அதுதான் நடு. அங்கே ஸ்போக் நேராக இருந்தால் வீலைத் தொட வேண்டாம், கோணலாக இருந்தால் மட்டும் இப்போது மாற்றி மாட்டலாம். சக்கரங்களை நேராக நிறுத்தி, டிராக் லிங்க் தானாகப் பொருந்துகிறதா பாருங்கள். நீளம் மாற்றக்கூடியதாக இருந்தால் மாற்றுங்கள். மாற்ற முடியாத வகையாக இருந்து, ஒரு விரல் அளவு எட்டவில்லை என்றால் டிராப் ஆர்ம் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறது, அல்லது அச்சு இன்னும் தன் இடத்துக்கு வரவில்லை. ஹப்புக்கு ஹப் மறுபடி அளந்து பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, அதே அளவை இன்னொரு தடவை எடுங்கள்.